மூன்று சுப்பிரமணியன்களும் ஒரு விண்ணப்பப் படிவமும்

மும்பை மாட்டுங்காவில் பெரியம்மா வீட்டு மேசையில் சார்ட் தாளை விரித்து வம்சாவளி வரைந்துகொண்டிருந்தோம். மூன்றாவது வரிசை முடிவதற்குள் ‘சுப்பிரமணியன்’ என்று நான்கு முறை எழுதிவிட்டேன். தாத்தா ஒருவர், அவருடைய மூன்று மகன்களின் தலைச்சன் பிள்ளைகள் மூவர். அந்த மூவரில் ஒருவன் நான்.

பெரியம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லவே இல்லை. மாமனார் பெயராயிற்றே! பெற்ற மகனையே ஐம்பது ஆண்டுகளாகத் ‘துரை’ என்றுதான் கூப்பிடுகிறார்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉதான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். ஐங்குறுநூற்றில் சிறுதேர் உருட்டித் தளர்நடை போடும் குழந்தையைத் ‘தந்தை பெயரன்’ என்று புலவர் சொல்கிறார். எங்கள் வீட்டில் மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், பெண்களுக்குப் பாட்டிகளின் பெயர். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் குலதெய்வமே துணை. மகனுக்கு அப்பா பெயரையே வைப்பதில்லை. கணவன் பெயரைச் சொல்லாத மனைவி பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? ஆகவே பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்கிறது.

இதில் தலைப்பெழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். தாத்தா க. சுப்பிரமணியன், அப்பா சு. கணேசன், நான் மறுபடியும் க. சுப்பிரமணியன். இரண்டே பெயர்கள் ஊஞ்சலாடுகின்றன. ஊரிலுள்ள பழைய பத்திரத்தில் தாத்தா போட்ட கையெழுத்து எழுத்துக்கு எழுத்து என் பெயர்தான். ஆளைப் பிரித்துச் சொல்வது தேதி மட்டுமே.

கல்வெட்டு ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பல்லவரில் மகேந்திரவர்மன், அவர் மகன் நரசிம்மவர்மன், பேரன் மீண்டும் மகேந்திரவர்மன். சோழர்களோ ராஜகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். 985இல் அரியணை ஏறிய முதலாம் ராஜராஜன் ராஜகேசரி. அவர் மகன் ராஜேந்திரன் பரகேசரி. ‘கோப்பரகேசரிக்கு யாண்டு’ (பரகேசரி மன்னரின் ஆட்சியாண்டு) இத்தனை என்று மட்டும் ஒரு கல் சொன்னால் அது எந்தப் பரகேசரி? எழுத்தின் வடிவம், குறிப்பிட்டிருக்கும் அதிகாரிகள், நாள், நட்சத்திரம், கிரகணம் என்று துருவித்தான் பிரிக்க வேண்டும்.

இந்த ஊஞ்சல் ஆட ஒரு நிபந்தனை உண்டு: முன்னால் நிற்கும் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாற வேண்டும். மும்பையில் அது நடக்கவில்லை. இங்கே படிவங்களில் மூன்று கட்டங்கள்: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். மராத்தியருக்கு அது இயல்பு. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? வேலைக்கு வந்த அப்பா, கடைசிக் கட்டத்தில் தன் தந்தையின் பெயரைப் போட்டார். அன்றைக்கே தாத்தா உறைந்துபோனார். சுழலும் பெயர்களில் ஒன்று நிலைப்பெயராகிவிட்டது. அதே பெயர் முறைப்படி அடுத்த தலைமுறைக்கும் வந்தபோது, பள்ளிப் பதிவேட்டில் நான் ‘சுப்பிரமணியன் கணேசன் சுப்பிரமணியன்’ ஆனேன்.

என் மகன் பிறந்தபோது முறைப்படி கணேசன் என்றுதான் வைக்க வேண்டும். வைத்தால் முதற்பெயரும் குடும்பப் பெயரும் அப்படியே அப்பாவுடையவை. ஒரே விலாசத்தில் இரண்டு கணேசன் சுப்பிரமணியன்கள். வங்கியிலும் பாஸ்போர்ட்டிலும் யார் மல்லுக்கட்டுவது? ஆதித்யா என்று பதிவு செய்தோம். முழுப்பெயர் ஆதித்யா சுப்பிரமணியன் சுப்பிரமணியன். ஒருமுறை விமான டிக்கெட்டில், தவறுதலாக இருமுறை விழுந்துவிட்டது என்றெண்ணி ஒன்றை நீக்கிவிட்டார்கள். நீக்கியது என்னையா தாத்தாவையா என்று இன்றுவரை தெரியவில்லை.

தொட்டிலில் போட்ட அன்று அவன் காதில் சொன்ன பெயர் என்னவோ கணேசன்தான். சார்ட்டில் எதை எழுதுவது என்று கேட்டேன்.

“காதில் சொன்னதை எழுது. அப்படியே துரைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுத் துரை என்றும் எழுதிவிடு, நான் படிக்க வேண்டாமா?” என்றார் பெரியம்மா.