போலீஸ் நம்ம பேச்ச ரெக்கார்ட் பண்ணலாமா? ரூல் இன்னா சொல்லுது

குடியாத்தத்துல இருந்து எங்க பெரியம்மா போன் பண்ணாங்க. பக்கத்து வீட்டு பைக் திருட்டு கேஸ்ல சாட்சின்னு ஸ்டேஷனுக்கு கூப்ட்டு இருக்காங்க, போனா ஏட்டு ஒருத்தர் செல்போன தண்ணி பாட்டில்ல சாய்ச்சி வெச்சி வீடியோவ ஆன் பண்ணிட்டு "சொல்லுங்கம்மா"ன்னாராம், இவங்களுக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சி. "இன்னாடா இது, நம்மள கேக்காமலே படம் புடிக்கலாமா?"

புடிக்கலாம் பெரியம்மா. 2024 ஜூலை 1ல குற்ற வழக்க எப்படி நடத்தணும்னு சொல்ற பழைய சிஆர்பிசி சட்டத்துக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 180வது பிரிவு, விசாரணையில சொல்றத ஆடியோ வீடியோவா எடுக்கலாம்னு சொல்லுது. எடுத்தே ஆகணும்னு இல்ல, எடுக்கலாம், அவ்ளோதான். ஆனா அவங்க ஸ்டேஷன் படியே ஏறி இருக்க வேணாம்ங்கறதுதான் எனக்கு கடுப்பு. பொம்பளைங்க, 15 வயசுக்கு கீழ, 60க்கு மேல, உடம்பு முடியாதவங்க, மாற்றுத்திறனாளி, இவங்கள எல்லாம் சாட்சியா விசாரிக்கணும்னா வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும் (179வது பிரிவு), அவங்களா விரும்பி போனா அது வேற. எழுதி எடுத்தாலும் அந்த வாக்குமூலத்துல நாம கையெழுத்து போட தேவையில்ல. நம்ம மேலயே கேஸ் திரும்பற மாதிரி கேள்வின்னா பதில் சொல்லவும் கட்டாயம் இல்ல.

"ஒத்துக்கிட்டான், வீடியோவே இருக்கு"ன்னு டீக்கடையில பேசறாங்களே, போலீஸ் கிட்ட ஒத்துக்கிட்டத கோர்ட்ல அவனுக்கு எதிரா காட்ட முடியாது, வீடியோவா இருந்தாலும் அதே கதைதான். அவன் சொன்னத வெச்சி பைக் கெடச்சா அந்த அளவுக்கு மட்டும் செல்லும்.

வீட்ட சோதனை போட வந்தா கதை தலைகீழ், அங்க வீடியோ எடுக்கறது போலீசுக்கு கட்டாயம் (அதே சட்டம், 105வது பிரிவு), எடுத்தத தாமதிக்காம மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பணும். அதனால வந்தவங்க கேமராவ மூடினா "ஆன் பண்ணுங்க சார்"னு நாமதான் சொல்லணும்.

அடுத்தது போன் ஒட்டுக்கேக்கறது. இத இன்ஸ்பெக்டரோ டிஎஸ்பியோ இஷ்டத்துக்கு பண்ண முடியாது, மாநிலத்துலன்னா உள்துறை செயலாளர் எழுத்து மூலமா ஆர்டர் போடணும், ஒரு ஆர்டர் 60 நாள், நீட்டிச்சாலும் மொத்தம் 180 நாள்தான், அதையும் ஒரு ரிவியூ கமிட்டி பாக்கணும். 1996ல சுப்ரீம் கோர்ட் பியுசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு போட்ட கேஸ்ல போட்ட கடிவாளம் இது, 2017ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு புட்டசாமி கேஸ்ல ஒம்போது ஜட்ஜுங்க சொன்ன பிறகு இன்னும் இறுகிச்சி. 2025 ஜூலை 2ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு லஞ்ச கேஸ்ல 2011ல போட்ட ஒட்டுக்கேப்பு ஆர்டரையே ரத்து பண்ணிச்சி. பொது அவசரமோ பொது பாதுகாப்போ இல்லாம, குற்றத்த துப்பறிய ரகசியமா கேக்க சட்டத்துல எடமில்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா எந்த நம்பருக்கு எப்போ எவ்ளோ நேரம் பேசினோம்ங்கற லிஸ்ட் வேற சமாச்சாரம். அதுல பேச்சு இருக்காது, கம்பெனி கிட்ட கேட்டு வாங்கறதுக்கு இந்த ஆர்டர் தேவையில்ல.

ஒப்பிட்டு பாக்க நம்ம குரல் சாம்பிள போலீஸ் கேட்டா? மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் வேணும், இருந்தா குடுத்துதான் ஆகணும்.

நாமளே ரெக்கார்ட் பண்ண போன் கால கோர்ட்ல குடுக்கணும்னா வாட்ஸப்ல வக்கீலுக்கு தட்டிவிட்டுட்டு ஒரிஜினல டெலீட் பண்ணிடாதீங்க. காப்பி குடுக்கும்போது அது எந்த போன்ல எப்படி பதிவானதுன்னு சொல்ற சாட்சிய சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட் வேணும், அதுக்கு அந்த போனே பத்திரமா இருக்கணும், டிஸ்ப்ளே ஒடஞ்சிச்சின்னு எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு முழிக்க கூடாது.

கடைசியா ஸ்டேஷன் சிசிடிவி. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் படத்தோட சத்தமும் பதியற கேமரா வெக்க சொல்லிச்சி, 18 மாசம் வெச்சிருக்கணும், வசதி இல்லன்னா குறைஞ்சது ஒரு வருஷம். உள்ள அடிச்சாங்க மிரட்டினாங்கன்னா தேதி, நேரம், எந்த ரூம், எல்லாத்தையும் எழுதி "புட்டேஜ அழிக்காம எடுத்து வையுங்க"ன்னு எஸ்பிக்கு ரெஜிஸ்டர் தபால் போடுங்க, மனித உரிமை கமிஷனுக்கும் ஒரு காப்பி. பெரியம்மா கேஸ்ல அடி ஒண்ணும் இல்ல, மூணு மணி நேரம் பெஞ்ச்ல உக்கார வெச்சது மட்டும்தான், அதையும் எழுத சொல்லி இருக்கேன், வெள்ளிக்கிழமை கையெழுத்து போட்டு அனுப்பறேன்னு சொல்லி இருக்காங்க.