சுழியோடிச் சப்பாத்து

கரையிலிருந்து கல்லும் பாறையும் மிதித்துக் கடலில் இறங்குகிற சுழியோடி காலில் போடும் சப்பாத்து இது. பாதத்தையும் கணுக்காலையும் மூடியிருக்கும், அடி தடித்த ரப்பர், மேற்பகுதி நியோபிரீன் என்ற, குளிர் தாங்கும் நுரை ரப்பர். கடைகளில் ‘டைவிங் பூட்ஸ்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

சுழியோடுதல் நமக்குப் பழகிய சொல். நீருக்குள் மூழ்கித் தேடுவதற்கு இலங்கையின் வன்னியில் வேறு சொல் தேட வேண்டியதில்லை. மன்னார்க் கரையில் முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்றும் சொன்னார்கள். அங்கே குளிப்பது என்றால் மூழ்குவது. ஆனால் சிலாவத்துறை முத்துப் பார்களில் (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்) குளித்தவர்கள் வள்ளத்திலிருந்து, கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, நேரே ஆழத்துக்குப் போனவர்கள். அவர்களுக்குக் காலில் எதுவும் தேவைப்படவில்லை. இந்தப் பொருளுக்குப் பழைய பெயர் இல்லாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சப்பாத்து போர்த்துக்கேயச் சொல். அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்து, 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாண அரசையும் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்தார்கள். கதிரை, அலுமாரி, யன்னல், அலவாங்கு, பாண் எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. சிங்களத்திலும் சப்பத்துதான், மலாயில் செப்பாத்து. தமிழ்நாட்டில் ஷூ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு நம் சப்பாத்து வேடிக்கையாகக் கேட்கும். சரி, ஷூ மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்?

தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் செருப்பு இருக்கிறது. மலையாளத்தில் செருப்பு, தெலுங்கில் செப்பு, கன்னடத்தில் கெர என்று உறவுகளோடு நிற்கும் திராவிடச் சொல். இன்றைய பேச்சில் அது திறந்த காலணி. காலணி என்பதோ எல்லாவற்றுக்கும் பொது, பாட்டா என்கிற ரப்பர்ச் செருப்பும் அதற்குள் அடங்கும். பாறையில் இறங்கும்போது இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. பாட்டாவை முதல் அலையே உருவிக்கொண்டு போகும். அப்புறம் நிற்பது வெறுங்காலில், சிப்பி ஒட்டிய கல்லின் மேல். ஆகவே மூடியதைத் தனியே குறிக்கும் சப்பாத்து என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பழந்தமிழே வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் ஒன்று கிடக்கிறது: ‘அடிபுதை அரணம்’. மலைப்பொருளும் கடற்பொருளும் கொண்டுசெல்லும் வணிகரின் காலில் இருந்தது, பாதத்தை மறைக்கும் காப்பு. பொருள் அப்படியே பொருந்துகிறது. கடையில் போய்க் கேட்கத்தான் முடியாது. அதே பாட்டில் வரும் ‘தொடுதோல்’ தோற்செருப்பு, நியோபிரீனுக்கு ஆகாது.

அரணம் என்ற சொல்லை ஏன் விரும்புகிறேன் என்றால், வாங்கும்போது பார்க்க வேண்டியதை அது சொல்லிவிடுகிறது. விற்பவர்கள் மூன்று மில்லிமீட்டர், ஐந்து, ஏழு என்று தடிப்பைச் சொல்வார்கள். அது நியோபிரீனின் தடிப்பு, குளிருக்கான கணக்கு. நம் கடல் சூடானது, மூன்றே போதும். பார்க்க வேண்டியது அடியை. இரண்டு கையாலும் மடித்துப் பாருங்கள், துணிபோல மடிந்தால் வேண்டாம். முதுகில் வழக்கமான அலுமினியக் காற்றுச் சிலிண்டர் வெறுமையாகவே சுமார் 14 கிலோ, இடுப்பில் மூழ்குவதற்குக் கட்டும் ஈயம் வேறு. அந்தப் பாரத்தோடு ஒரு கூர்க்கல்லில் கால் வைத்தால் மெல்லிய அடி வழியே கல் முழுவதும் தெரியும். விரல் நுனிக்கும் குதிக்கும் ரப்பர் ஏறியிருக்க வேண்டும். குதிமேல் ஒரு புடைப்பு இருந்தால், நீந்துவதற்குக் காலில் மாட்டும் துடுப்பின் பட்டி வழுகாது. பாசிக் கல்லில் ரப்பர் வழுக்கும், அதற்குக் கம்பளி போன்ற ‘ஃபெல்ட்’ அடி போட்டவையும் உண்டு. கடல் முள்ளெலியின் முள் எந்த அடியையும் துளைக்கக்கூடும் என்பதால், சப்பாத்து இருக்கிறதென்று கண்ட இடத்தில் மிதிக்கக் கூடாது. உயிருள்ள பவளத்தை மிதிக்கவே கூடாது.

முல்லைத்தீவு, அளம்பில், செம்மலைப் பக்கம் பெரும்பாலும் மணல், அங்கே இவ்வளவும் தேவையில்லை. தெற்கே திருகோணமலைக்குப் போனால் கருங்கல். அங்குள்ள புறாமலைத் தீவின் கரையிலோ உடைந்த பவளத் துண்டுகள், வெறுங்காலை அறுத்துவிடும்.

சப்பாத்துக்கு மேலே போடுவது குதிப்பட்டி உள்ள துடுப்பு. பாதம் முழுவதும் நுழையும் துடுப்புக்குள் இது போகாது. துடுப்பு வாங்கப் போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.