எல்.எல்.சி.: நீங்கள் எழுதாமல் விட்டதை மாநிலச் சட்டம் எழுதும்

அமெரிக்காவில் எல்.எல்.சி. (உரிமையாளர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி) தொடங்குவது சுலபம். மாநில அரசின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டினால் கம்பெனி தயார். அப்புறம் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் வரி எண், வங்கியில் கணக்கு. ஆபரேட்டிங் அக்ரிமென்ட், அதாவது கம்பெனியை எப்படி நடத்துவது, லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று உறுப்பினர்கள் (உரிமையாளர்கள்) தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம், அதை வங்கி கேட்டால், இணையத்தில் கிடைத்த மாதிரியில் பெயர்களை மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். "அது சும்மா பேங்குக்காகப் போட்டது சார்" என்று, பார்ட்னர்களுக்குள் சண்டை முற்றிய பிறகு என்னிடம் வந்து சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பதில் நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம்.

கார்ப்பரேஷன் என்றால் இயக்குநர் குழு, பங்குதாரர் கூட்டம் என்று சட்டமே ஒரு சட்டகத்தைக் கொடுத்துவிடும். எல்.எல்.சி.யில் பெரும்பாலானதை உறுப்பினர்களின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு அதிகபட்ச மதிப்புக் கொடுப்பதே தன் கொள்கை என்று டெலவேர் மாநிலச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. கம்பெனியை நடத்துபவர் மற்றவர்களுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற கடமையைக்கூட அங்கே அக்ரிமென்ட்டில் முழுக்க நீக்கிவிடலாம். நீக்க முடியாதது, ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கும் நல்லெண்ணக் கடமை (ஒப்பந்தத்தை நேர்மையாக நடத்த வேண்டும் என்பது) மட்டும்தான். இறக்கிய மாதிரியின் நடுப்பக்கத்தில் அப்படி ஒரு பத்தி இருந்து, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், நாளை உங்கள் பார்ட்னரே போட்டிக் கம்பெனி தொடங்கினாலும் விசுவாசத்தை மீறினார் என்று வழக்குப் போட முடியாமல் போகலாம்.

சரி, அக்ரிமென்ட்டே இல்லையென்றால்? மாநிலச் சட்டத்தின் பொது விதிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒருவர் 1,80,000 டாலர் போடுகிறார், இன்னொருவர் 20,000 டாலர் போட்டு முழுநேரமும் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருட முடிவில் 50,000 டாலரைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். டெலவேரின் பொது விதி முதலீட்டு விகிதத்தைப் பார்க்கும்: 45,000, 5,000. நியூ ஜெர்சியின் பொது விதி தலைக்குச் சமமாகப் பிரிக்கும்: ஆளுக்கு 25,000. உழைப்பவருக்கு முதல் கணக்கு அநியாயம், பணம் போட்டவருக்கு இரண்டாவது அநியாயம். இரண்டுமே இவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அல்ல.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நியூயார்க் சட்டம் அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது, அதுவும் பதிவு செய்த 90 நாட்களுக்குள். டெலவேரிலும் நியூ ஜெர்சியிலும் வாய்மொழியாகவோ நடத்தையிலிருந்து தெரிகிற மாதிரியோகூட அக்ரிமென்ட் இருக்கலாம். அதாவது, வாட்ஸ்அப்பில் "லாபத்துல உனக்கு நாற்பது பர்சென்ட்" என்று அனுப்பிய ஒரு வரிகூடச் சாட்சியமாக வந்து நிற்கும்.

எழுத்தில் அக்ரிமென்ட் இல்லாதவர்கள் என்ன பாடு பட வேண்டியிருக்கும் என்பதற்கு, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்த ஐஇ டெஸ்ட் வழக்கைச் சொல்வேன். மூன்று உறுப்பினர்கள், 34, 33, 33 சதவீதம். அவர்களில் ஒருவர், முந்தைய கம்பெனியில் போட்டு இழந்த பணத்தை இந்தக் கம்பெனியிலிருந்து சம்பளமாக ஈடுகட்டிக்கொள்ள விரும்பினார். மற்ற இருவரும் ஒப்பவில்லை. பேச்சு முறிந்தது, அவரை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் வெளியேற்றலாம் என்றன. உச்ச நீதிமன்றம் மறுத்தது. கருத்து வேறுபாடு மட்டும் போதாது, அவரை வைத்துக்கொண்டு தொழிலை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காட்ட வேண்டும் என்றது. எப்போது ஒருவரை விலக்கலாம், அவர் பங்குக்கு விலை எப்படிப் போடுவது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்திருக்காது என்பது என் கருத்து.

எழுதினாலும் கவனம் தேவை. எழுதியதை நீதிமன்றம் அப்படியே அமல்படுத்தும். விதியை மீறிப் பங்கை மாற்றினால் அந்த மாற்றம் செல்லாது என்று பல மாதிரிகளில் ஒரு வரி இருக்கும். டெலவேர் உச்ச நீதிமன்றம் 2023-இல் எக்ஸ்ஆர்ஐ வழக்கில் அந்த வரியின் முழு பலத்தையும் காட்டியது. எதிர்த் தரப்புக்கு முன்பே தெரியும், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்ற நியாயம்கூட அந்த மாற்றத்தைக் காப்பாற்ற முடியாது என்றது. மனைவி பெயருக்கோ, டிரஸ்டுக்கோ, இன்னொரு எல்.எல்.சி.க்கோ பங்கை மாற்றும் முன் தயவுசெய்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பின்னால் சேர்ந்தவர், "நான் கையெழுத்தே போடவில்லை" என்று சொல்லியும் தப்ப முடியாது. டெலவேரில் உறுப்பினராகச் சேர்ந்தாலே அக்ரிமென்ட் கட்டுப்படுத்தும்.

நண்பர்கள் ஆளுக்குப் பாதி என்று தொடங்கும் கம்பெனிகள்தான் எனக்கு மிகவும் கவலை தருபவை. அங்கே ஒருவர் மறுத்தால் எதுவும் நகராது. 2004-இல் டெலவேரில் ஹேலி எதிர் டால்காட் என்ற வழக்கு. உணவகம் இருந்த நிலம் எல்.எல்.சி.யின் பெயரில், அதில் ஹேலி, டால்காட் இருவருக்கும் சரிபாதி. விலகும் வழி அக்ரிமென்ட்டில் இருந்தது. ஆனால் நிலக் கடனுக்கு இருவரும் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கொடுத்திருந்தார்கள். விலகினாலும் அந்த ஜாமீன் ஹேலியை விடாது. அந்த வழி போதுமான தீர்வு அல்ல என்று சொல்லி, கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பங்கை விற்று வெளியேறுவதைப் பற்றி எழுதும்போது, ஜாமீனிலிருந்து விடுவிப்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. பார்ட்னர்ஷிப் போல வரி விதிக்கப்படும் எல்.எல்.சி.யில், கையில் பணம் வராவிட்டாலும் கே-1 என்ற வரிப் படிவத்தில் உங்கள் பங்காகக் காட்டிய லாபத்துக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும். வரிக்குத் தேவையான அளவாவது வருடாவருடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சிறுபான்மைப் பங்குள்ளவர் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கெனவே கம்பெனி நடத்துபவர்கள் இப்போதும் திருத்தி எழுதலாம். வேறு விதமாக எழுதியிருக்காவிட்டால், டெலவேர் உட்படப் பல மாநிலங்களில் திருத்தத்துக்கு எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும். மனக்கசப்பு வந்த பிறகு அது கிடைப்பது அரிது. அதனால் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சமயத்திலேயே ஒரு மாலை உட்காருங்கள். ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு, விலகினால் விலை எப்படி, பாதிக்குப் பாதி முட்டிக்கொண்டால் யார் தீர்ப்பது, இந்த மூன்றையும் பேசி எழுதிவிட்டு, அப்புறம் வக்கீலிடம் போங்கள்.