செல் சார்ட்டர் வாங்கும் முன் துளிகளை எண்ணுங்கள்

பத்துக் கோடி எலும்பு மஜ்ஜை செல்களைக் குழாயில் கொண்டுவந்து, அரை மணியில் பிரித்துத் தருமாறு கேட்ட ஆய்வு மாணவர்களில் சென்ற வாரம் வந்தவர் மூன்றாமவர். செல்களை வகைவாரியாகப் பிரித்தெடுக்கும் செல் சார்ட்டர் கருவி நொடிக்கு ஒரு லட்சம் செல்களைப் பார்க்கும் என்று விற்பனைக் கையேட்டில் படித்திருக்கிறார். அந்தக் கணக்கில் 17 நிமிடம் போதும். எங்களுக்கோ நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவருக்குப் பின் முன்பதிவு செய்திருந்த இருவர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மின்னணுப் பகுதி எண்ணும் வேகம் வேறு, பிரிக்கும் வேகம் வேறு. சார்ட்டர் திரவத் தாரையைத் துளிகளாக உடைத்து, வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மின்னூட்டம் கொடுத்து ஒதுக்குகிறது. தாரை வெளிவரும் நுண்துளை முனையான நாசில் 100 மைக்ரான் அளவுடையதாயின், நொடிக்கு ஏறத்தாழ 30,000 துளிகள்தாம் உருவாகும். செல்கள் வரிசையில் நின்று சீரான இடைவெளியில் வருவதில்லை. வேண்டாத செல் ஒன்று அதே துளியில் ஒட்டிக்கொண்டு வந்தால், தூய்மையை முதன்மையாகக் கொண்ட அமைப்பில் வேண்டியதும் சேர்ந்தே கழிவுக்குப் போய்விடும். ஆகவே ஐந்து துளிக்கு ஒரு செல், அதாவது நொடிக்கு ஆறாயிரம் என்பதே நடைமுறைக் கணக்கு. 70 மைக்ரான் நாசிலில் துளிகள் மும்மடங்காகும் என்பது உண்மைதான்; ஆனால் நாசில் துளை செல்லின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பதால், சிறிய வெள்ளை அணுவான லிம்போசைட்டுக்குப் பொருந்தும் அந்த நாசில் 20 மைக்ரான் புற்றுச் செல்லுக்குப் பொருந்தாது.

பலர் பகிரும் ஆய்வகம் எனில், முதலில் முன்பதிவுப் பதிவேட்டைப் பாருங்கள். செல்களைப் பிரிக்காமல் பகுப்பாய்வு மட்டுமே தேவைப்படுவோரைச் சார்ட்டரில் உட்கார வைப்பது வீண். அவர்களுக்குப் பல குழிகள் கொண்ட தட்டிலிருந்து தானே மாதிரியை எடுத்துக்கொள்ளும் எளிய சைட்டோமீட்டர் (செல்களை அளந்து எண்ண மட்டும் செய்யும் கருவி) போதும். செல்களை அடையாளம் காண அவற்றின்மீது பாய்ச்சும் லேசர்களின் எண்ணிக்கையைப் பெருமைக்காகக் கூட்டாதீர்கள். (எங்கள் ஐந்தாவது லேசரைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.) பதப்படுத்தாத மனித மாதிரிகளைப் பிரிப்பதாயின், நுண்துளிப் புகையை உறிஞ்சும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டகத்தையும் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள், பெட்டகம் அறைக் கதவில் நுழையுமா என்பதையும் தயவுசெய்து அளந்துவிடுங்கள். உத்தரவாதம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும் என்பதை நிதிக்குழுவிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

விற்பனையாளர் செல்லுக்குப் பதிலாகக் கொண்டுவரும் நுண்ணிய சோதனை மணிகளில் எந்தக் கருவியும் அழகாகத்தான் ஓடும். உங்களிடம் உள்ளவற்றிலேயே அதிகம் அடைத்துக்கொள்ளும் திசு மாதிரியை வடிகட்டிக் கொடுத்து, பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சேர்ந்த செல்களை மறுபடி ஓட்டித் தூய்மையைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.