அலுவலகக் கவுண்டருக்கு வராத ஆளும் நம்ம ஆளுதான்

போன மாதம் கோயில் மண்டபத்தில் ஆட்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அரசாங்க வேலை கிடைத்து எட்டு மாதம்தான் ஆகிறது, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். "அங்கிள், நம்ம ஆளுங்க வந்து நின்னா என்ன செய்யறது? செய்யலைன்னா பெரிய ஆபீசர் ஆயிட்டான்னு பேசறாங்க, செஞ்சா எனக்குப் பயமா இருக்கு" என்றான். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். மலேசியாவில் மாவட்ட அளவிலான அரசு அலுவலகங்களில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து, 31 வருடம் வேலை பார்த்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். அவன் கேட்ட கேள்வி என்னை ஒரு நாளும் விட்டதில்லை.

பயிற்சிக்குப் போனால் கைலஞ்சம் வாங்காதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது சரி. ஆனால் உறையை நீட்டுகிறவனைக் கண்டுகொள்வது சுலபம், அவனைப் பார்த்தாலே உள்ளுக்குள் மணி அடிக்கும். கஷ்டம் கொடுப்பவர் வெறுங்கையோடு வருகிறவர்தான். எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால் மரம் (ரப்பர்), இப்போது செம்பனை, இடையிடையே தாமான்கள் என்கிற குடியிருப்புகள். முடி வெட்டுகிறவர், பள்ளி ஆசிரியர், கோயில் தலைவர், லோரி ஓட்டுநர் எல்லோரும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். என் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் எங்களுக்குச் சோறு போட்டவரின் மகன் கவுண்டரில் வந்து நிற்கும்போது, எனக்கும் அவனுக்கும் நடுவே இருப்பது வெறும் பாரம் மட்டுமா? அந்தச் செய்ந்நன்றி உண்மையானது. மலாய் சரியாகப் பேசத் தெரியாமல், என்ன பத்திரம் குறைகிறது என்றே புரியாமல் மூன்று முறை பஸ் ஏறி வந்து திரும்பிப் போன பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு தமிழ் முகம் தெரிந்ததும் அவர்களுக்கு வருகிற நிம்மதியைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளின் நடுவில் பக்கத்துத் தோட்டம் ஒன்று வீடமைப்புக்குக் கைமாறியது. தோட்டத்தில் வேலை போனால் கூரையும் போகும், லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அந்த ஜனங்களுக்கு என்று 40 குறைந்த விலை வீடுகள் ஒதுக்கினார்கள், பாரம் வந்ததோ நூற்றுக்கு மேல். சம்பளச் சீட்டு, பிள்ளைகள் எண்ணிக்கை, தோட்டத்தில் இருந்த வருடங்கள் எல்லாம் பார்த்துப் புள்ளி போட்டு வரிசைப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. அந்தப் பாரக் கட்டுக்குள் என் அக்கா மகன் பாரமும் இருந்தது. கூட்டிப் பார்த்தேன், 43-ஆவது இடம்.

என் மேலதிகாரி நல்ல மனிதர், மலாய்க்காரர், ஒரு காசு தொட்டு நான் பார்த்ததில்லை. "உன் குடும்பமா? மூன்று இடம்தானே, ஏற்றிவிடு, பையன் கஷ்டப்படுகிறவன்தானே" என்றார். என் மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார். அவன் கஷ்டப்படுகிறவன் என்பதிலும் பொய் இல்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு 38, 39, 40 மூன்று பாரத்தையும் எடுத்து மேசையில் வைத்துப் படித்தேன். 40-ஆவது ஆள் செம்பனைக் குலை தூக்கி இடுப்பு போனவர், நான்கு பிள்ளைகள். கையெழுத்து போடும் இடத்தில் பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. நான் ஒரு எண்ணை மாற்றினால் இவருக்கு என்றைக்குமே தெரியாது. நமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாடகை வீடு தேடிப் போயிருப்பார். என் எதிரில் வந்து அழ அவருக்கு வழியே இல்லை. நான் இரங்க வேண்டிய ஆள் அவர் என்று எனக்கு உறைத்தது அந்த ரேகையைப் பார்த்த பிறகுதான்.

மறுநாள் காலையில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன்: வரிசை எண் 43 என் உடன்பிறந்த அக்காவின் மகன், இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுக்கவும். மேலதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்கா மகனுக்கு வீடு கிடைக்கவில்லை. அக்கா இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "உன் தம்பி படிச்சு நமக்கு என்ன பிரயோஜனம்" என்று மச்சான் ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அது வலித்தது, இன்னும்கூட வலிக்கிறது. நேர்மைக்கு மரியாதை தானாக வரும் என்று இளம் அதிகாரிகளிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சில நேரம் சொந்தமே விட்டுப் போகும்.

சட்டம் இந்த இடத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு பதவியைப் பயன்படுத்திப் பலன் அடைவதைப் பற்றியது. தனக்கோ உறவினருக்கோ கூட்டாளிக்கோ சம்பந்தம் உள்ள விஷயத்தில் ஓர் அதிகாரி முடிவெடுத்தாலே, மாறாக நிரூபிக்கும்வரை, பலனுக்காகத்தான் செய்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உறவினர் என்றால் யார் யார் என்றும் அதே சட்டம் சொல்கிறது: கணவன் மனைவி, உடன்பிறந்தவர், அவர்கள் பிள்ளைகள், மனைவியின் உடன்பிறப்புகள், சித்தப்பா, மாமா, அத்தை, அவர்கள் வழிப் பிள்ளைகள், மருமகன், மருமகள். தோட்டத்து ஊரில் அப்படிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வைக்கிற ஜனம் பாதி அதற்குள் வந்துவிடும்! தண்டனை 20 ஆண்டு வரை சிறை, அதோடு பெற்ற பலனைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாத அபராதம் அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குக்கு 2020 ஜூலையில் எஸ்.ஆர்.சி. என்ற அரசாங்க நிறுவனத்தின் பண வழக்கில் 12 ஆண்டு சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது இதே 23-ஆவது பிரிவின் கீழ்தான். வழக்கில் பெற்ற பலனாகச் சொல்லப்பட்ட தொகை 4 கோடியே 20 இலட்சம் ரிங்கிட், ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். பிறகு மன்னிப்பு வாரியம் அந்தத் தண்டனையை 6 ஆண்டாகவும் 5 கோடியாகவும் குறைத்தது. பிரதமர் நாற்காலிக்கும் கவுண்டர் நாற்காலிக்கும் அந்தப் பிரிவு ஒன்றுதான்.

தீபாவளி முறுக்கு டின்னைப் பற்றியும் தம்பி கேட்டான். வேலை சம்பந்தமாக வருகிற அன்பளிப்பை வாங்கக் கூடாது என்பது 1993-ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிகளிலேயே இருக்கிறது. மறுக்கவே முடியாத சூழ்நிலை என்றால் வாங்கிய கையோடு துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் செய்தது இதுதான்: டின்னை அலுவலகப் பொது மேசையில் திறந்து வைத்து, யார் கொடுத்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். டின்னுக்கு அடியில் உறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒரு தடவை இருந்தது. அன்றே திருப்பிக் கொடுத்து, எழுதியும் வைத்தேன். கொடுக்க வந்தவரைப் பற்றிப் புகார் செய்வது அதிகாரியின் கடமை, மறைத்தால் அது 25-ஆவது பிரிவின் கீழ் தனிக் குற்றம் என்பது இன்றைய சட்டம். உங்களிடம் யாராவது காசு கேட்டால் நீங்களும் புகார் செய்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

அப்புறம் மேலிடத்து உத்தரவு. "இந்த கோப்பை முதலில் எடு, ஒய்.பி. ஆபீஸிலிருந்து போன்" என்பார்கள். ஒய்.பி. என்றால் மக்கள் பிரதிநிதி. இதற்கு எதிர்த்துப் பேசத் தேவையில்லை, கோப்பில் ஒரு மினிட், அதாவது குறிப்பு, எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்னார் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி. எழுதிவிட்டு அவரிடமே கையெழுத்துக்கு அனுப்புங்கள். பாதி உத்தரவுகள் அந்த இடத்திலேயே நின்றுபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாங்கள் வேலை செய்த காலம் முழுக்க அரசாங்கக் கடிதங்களின் அடியில் 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' என்றுதான் முடிப்போம், உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவன் என்று அர்த்தம். 2018-இல் ஆட்சி மாறிய பிறகு அதை 'சாயா யாங் மென்ஜாலன்கான் அமானா' என்று மாற்றினார்கள். அமானா என்றால் ஒப்படைத்த பொறுப்பு. அந்த வரியைத் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் யார் ஒப்படைத்தது என்று ஒரு நொடி யோசித்தால் போதும். பெரிய தப்பு நடப்பது தெரிந்தால் வாட்சாப் குழுவில் போடாதீர்கள், 2010-ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றுவது அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொல்கிறவரைத்தான்.

சரி, உதவியே செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். பாரத்தை விளக்குங்கள், எந்தப் பத்திரம் குறைகிறது என்று சொல்லுங்கள், கடைசித் தேதியை ஞாபகப்படுத்துங்கள், மேல்முறையீடு எப்படி என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். அதையே முகம் தெரியாத ஒரு மலாய்க்கார மாக்சி அம்மாவுக்கும் சீனப் பெரியவருக்கும் செய்வீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செய்வேன் என்றால் பயமில்லாமல் செய்யுங்கள்.

தம்பியிடம் அன்று சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. வீட்டுப் பட்டியலுக்குச் சில வருடங்கள் முன்பு, சின்ன வயதில் என்னோடு பந்து விளையாடியவன் ஒருவன் உறுதிக் கடிதத்தோடு வந்தான். தோட்டத்திலேயே தொடர்ந்து குடியிருக்கிறான் என்று நான் கையெழுத்துப் போட்டால் நிலம் கிடைக்கும். அவன் பினாங்குக்குப் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். போட்டேன். ஒரு கையெழுத்துதானே என்று நினைத்தேன். பட்டியல் ஒட்டிய அன்றுதான் பார்த்தேன், அவனுக்கு அடுத்த பெயர், இடமில்லை என்று கோடு போட்ட முதல் பெயர், எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்த ஒரு விதவைத் தாய். நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. அவர் இப்போது மகளோடு இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பேத்தி கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டி வருவாள், என்னைக் குரலை வைத்தே கண்டுபிடித்து "நல்லா இருக்கியாப்பா" என்று கேட்பார். அந்தப் பேத்தி இதை எல்லாம் படிக்கிற பிள்ளை. அவள் படிப்பதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை, அவரிடம் நானே சொல்லப்போகிறேன்.