பசையைக் கரைக்க அவசரப்படாதீர்கள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் பழைய வேட்டியில் சுற்றி ஒரு மாதிரிக் கப்பலைக் கொண்டுவந்தார். ஒன்றரை அடி நீளம். 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்டு, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் வீட்டில் அந்தப் பெயர் இன்றும் புழங்கும். "எங்க ஐயா பிளாஸ்டிக் ஷீட்டுல வெட்டிச் செஞ்சதுண்ணே" என்றார்.

வீடு வெள்ளையடிக்கும்போது புகைபோக்கி கழன்றிருக்கிறது. யாரோ சூப்பர் குளூ போட்டுச் சாய்வாக ஒட்டிவிட்டார்கள். அதைப் பிரிக்க நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றியிருக்கிறார்கள். கறுப்புப் புகைபோக்கியின் இரண்டு வெள்ளைப் பட்டைகளில் கீழ்ப்பட்டை கறுப்போடு கலந்து வழிந்துவிட்டது. அதன் அடியில் பிளாஸ்டிக்கே இளகி, ஒரு விரல்ரேகை பதிந்து இறுகியிருந்தது.

காரைக்குடியில் பழம்பொருள்களைச் சீர்செய்யும் எனக்கு, உடைந்ததைவிட இப்படிக் கரைந்ததுதான் அதிக வேதனை. உடைந்ததை ஒட்டிவிடலாம்.

ரிமூவர்கள் பலவற்றில் இருப்பது அசிட்டோன். அது சூப்பர் குளூவை இளக்கும், உண்மைதான். ஆனால் பசை இளகுவதற்குள் பெயிண்டும், இந்தக் கப்பலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனும் போய்விடும். பித்தளைக்குச் சரி, பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்குக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் எந்தப் பசை என்று பாருங்கள். மாடல் சிமெண்ட் (பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டும் பசை) என்றால் இரண்டு பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகியிருக்கும். மெல்லிய ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். சூப்பர் குளூ என்றால் வழி இருக்கிறது. இறுகிய பிறகு அது கண்ணாடி மாதிரி. நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும், திருகினால் அவ்வளவு தாங்காது. குளிரில் இன்னும் நொறுங்கும்.

அதனால் கப்பலை ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தேன். கவர் இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் பெயிண்ட் மேல் நீர் கோத்துக்கொள்ளும். எடுத்த உடனே புகைபோக்கியின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாகத் திருக வேண்டும். அசையவில்லையா, மறுபடி ஃப்ரீசர். மூன்றாவது தடவைதான் 'டிக்' என்று விட்டது. அந்தச் சத்தம் வரும்வரை பலத்தைக் கூட்டவே கூடாது. குளிரில் பிளாஸ்டிக்கும் நொறுங்கும். கொடிமரம், கைப்பிடிக் கம்பி போன்ற மெல்லிய உறுப்புகள் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அகலமான ஒட்டு என்றால் பல் இடுக்கு நூலை இடையில் விட்டு அறுக்கலாம். பிளேடு கடைசி வழி.

மிச்சப் பசையை மரக்குச்சியால் சுரண்டினாலே போதும். திரவம் எதையும் தொடுவதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். அசிட்டோன் பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஹேர் டிரையர் சூடும் வேண்டாம். பிளாஸ்டிக் வளையும், பசை சூடாகி வரும் ஆவி கண்ணை எரிக்கும்.

அப்புறம், வழிந்த ஈரப் பசையைப் பழைய வேட்டித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் சூடேறிக் கையைச் சுட்டுவிடும். விரல் ஒட்டிக்கொண்டால் வெந்நீர்ச் சோப்பில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையை இழுக்காமல் வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொண்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

கீழ்ப்பட்டையை மட்டும் புதிதாக வரைந்தேன். புகைபோக்கியை இந்த முறை வெள்ளை மரப்பசையால் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு யாராவது பிரிக்க நேர்ந்தால், வெந்நீரில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும்.