டம்ளர்: உருள்கலனும் அதிர்கலனும்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகக் கொண்டவர்களில் பலர், சுட்ட பின் கீழே விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றில் புதிய பிரைமரும் (அடிபட்டதும் தீ எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். அதற்கு முன் கூடுகளில் படிந்த கரியையும் மண்ணையும் நீக்கும் பொறிக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'டம்ளர்'.

நாம் காபி குடிக்கும் டம்ளரும் இந்த டம்ளரும் ஒரே சொல்தான். 'டம்பிள்' என்ற ஆங்கில வினைக்குப் புரளுதல், கரணமடித்தல் என்பன பொருள். ஆகவே முதலில் டம்ளர் எனப்பட்டவர் கரணம் போடும் கூத்தாடி. பின்னர், அடிப்பாகம் உருண்டையாகவோ கூராகவோ இருந்ததால் கீழே வைத்தவுடன் சாய்ந்துவிடும் குடிகலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் அப்பெயர் ஏற்பட்டது. அடி தட்டையான பிறகும் பெயர் மாறவில்லை. பறந்துகொண்டே கரணமடிக்கும் புறாவுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். அதை நம்மவர் கர்ணப்புறா என்பது எவ்வளவு பொருத்தமான வழக்கு!

பொறிக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், கிடையாகக் கிடக்கும் உருளை வடிவக் கலன் மோட்டாரால் மெல்லச் சுழல்கிறது. அதனுள் கூடுகளோடு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சிறிதளவு சிட்ரிக் அமிலம், மெல்லிய எஃகு ஊசித் துண்டுகள் ஆகியவற்றை இடுவார்கள். நம் வீடுகளில் பித்தளைக் குடத்தைப் புளி எப்படித் துலக்குகிறதோ, அந்த வேலையையே இங்கே சிட்ரிக் அமிலம் செய்கிறது. பழைய பிரைமரை முன்கூட்டியே தட்டி எடுத்திருந்தால், அது அமர்ந்திருந்த சிறு குழிக்குள்ளும் ஊசிகள் நுழைந்து கரியைச் சுரண்டிவிடும். இரண்டாம் வகையில் கலன் சுழல்வதில்லை. கிண்ணம் போன்ற கலனுக்கு அடியில் உள்ள மோட்டாரின் தண்டில் எடை ஒருபுறமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் கலன் முழுவதும் அதிர, உள்ளே இட்ட வால்நட் ஓட்டுத் தூளோ மக்காச்சோளத் தக்கைத் தூளோ கூடுகளை உரசியபடி வட்டமாக நகர்கிறது.

ஆங்கிலம் இரண்டையும் டம்ளர் என்றே அழைத்தாலும், தமிழில் அவற்றைப் பிரித்துச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. முதலாவது உருள்கலன், இரண்டாவது அதிர்கலன். இரண்டும் ஊறுகாய், சுடுகாடு போன்ற வினைத்தொகைகள் என்பதால் இடையில் வல்லினம் மிகாது. 'உருட்டும் இயந்திரம்' என்று நீட்டி எழுதுவதைவிட இவை செறிவானவை. பொறி வேலை செய்யும் முறையும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே இடப்படும் பொருளுக்கும் பெயர் வேண்டும். 'தோட்டா' உருதுவின் வழியே வந்து தமிழில் நிலைத்த சொல். ஆனால் அது குண்டும் மருந்தும் அடங்கிய முழுப் பொருளைக் குறிப்பது. சுட்ட பின் எஞ்சுவதைத் தோட்டாக்கூடு என்பதே சரி. கலனில் இடத்தக்கது கூடு மட்டுமே, மருந்துள்ள தோட்டா அன்று என்பதால், இந்த வேறுபாட்டை எழுத்தில் பேணுவது அவசியம்.

செயலையும் இரண்டாகப் பிரிக்கலாம்: அழுக்கு நீக்குவது துலக்குதல், பளபளப்பாக்குவது மெருகிடுதல். மீள்நிரப்பலுக்குத் துலக்குதலே இன்றியமையாதது. மண் ஒட்டிய கூடு, சுட்டதில் விரிந்த அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சைக் கீறிவிடும். மெருகு கண்ணுக்கு அழகு, அவ்வளவே. அதற்காக அம்மோனியா கலந்த பித்தளை மெருகுப் பசையைப் பயன்படுத்தக் கூடாது; 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளையில் அம்மோனியா விரிசல் விழச் செய்யும். ஆங்கிலேயர் கால இந்தியாவில், குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் மழைக்காலத்தில் விரிசல் கண்டதற்குச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம். உலர் முறையில் எழும் தூசியில் பிரைமரின் ஈயம் கலந்திருக்குமாதலால், அதிர்கலனை மூடியிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்தே இயக்க வேண்டும்.